மச்சானுக்காக ஜெபித்தவர்

வேலையிடத்தில் எல்லாரும் அவரை பாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தச் சபைக்கும் போதகர் இல்லை. உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களை வெளியே தொங்கிக்கொண்டு கழுவுகிற தொழிலாளி. பல வருடங்களாக ஒரே ஒப்பந்தக் கம்பெனி, ஒரே நீலச் சட்டை. மற்றவர்கள் மேலே போனால் சினிமாப் பாட்டுப் பாடுவார்கள், கீழே நடக்கிறவர்களின் வழுக்கைத் தலைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் வாயைத் திறக்க மாட்டார். "என்ன பாஸ்டர், உள்ளுக்குள்ள பிரசங்கம் ஓடுதா?" என்று ஒரு நாள் எவனோ கேட்டான். அன்றோடு பேர் ஒட்டிக்கொண்டது.

கேட்டவன் வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனாலும் குறி தப்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் உயரம் என்றாலே அவருக்குப் பயம். பெற்றோர் வழியாகவே கிறிஸ்தவர். சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபங்களுக்குப் பஞ்சமில்லை. முதன்முதலாகத் தொங்குமேடை காற்றில் ஆடியபோது அவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தொங்குமேடை என்பது இரண்டு பேர் நின்று வேலை செய்யும் நீளமான இரும்புத் தட்டு. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கம்பி. முனைக்கொரு மோட்டார், மாடியிலிருந்து இறங்கும் முனைக்கொரு இரும்பு வடம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவருக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். "இருக்கேன் ஆண்டவரே." பதில் எதுவும் கேட்கவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றது போல மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.

அதை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன் அடுக்களையில் ஒரு முக்காலியைப் போட்டு, அடுப்பைப் பார்த்தபடி உட்காருவார். பாட்டில்லை, புத்தகமில்லை. உள்ளே திரும்பி அப்படியே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசை. யாராவது "பிரதர், இன்னிக்கு நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்களேன்" என்றால் காது சிவந்து பக்கத்து ஆளைக் கைகாட்டிவிடுவார். அவருடைய மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் சிரிப்பு. "இவரு ஆண்டவரோட பேசறாரா, உக்காந்தபடியே தூங்கறாரான்னு அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்பாள்.

அந்த மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. வயதில் ரொம்பவும் இளையவன், வாயாடி, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேரே அடுக்களைக்குப் போகிறவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவர் பாஸ்டர்தான். மாமன் மச்சான் என்று பேரே தவிர, கூடப்பிறந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். பாஸ்டருடைய ஒரே மகளுக்கு அந்த மாமா என்றால் உயிர்.

மகளுக்குப் பதினோரு வயதானபோது அது நடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை ஸ்கூட்டரில் அழைத்து வந்தவன் ஒரு திருப்பத்தில் கீழே விழுந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்தது.

"நாய் ஒண்ணு குறுக்க பாஞ்சுடுச்சு மாமா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதான்.

இரண்டு முறை அறுவை செய்தார்கள். கால் கூடியது, நடை கூடவில்லை. லேசாகச் சாய்த்துத்தான் நடப்பாள், இனி அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, அந்தத் திருப்பத்தில் கடை வைத்திருந்தவர் பாஸ்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "நாயும் இல்ல, பூனையும் இல்ல சார். அந்தப் பையன் போனைப் பாத்துக்கிட்டே வந்தான்."

பாஸ்டர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட இல்லை. மச்சானைக் கூப்பிட்டு ஒரு அதட்டல் போட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. "எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, மன்னிச்சுட்டாரு" என்று அவள் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னாள். அவரும் அப்படித்தான் நம்பினார். தினமும் காலையில் அந்த முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் எடுக்கிற பேர் மச்சானுடையது. ஒரு நாளும் தவறியதில்லை.

ஆனால் அவனோடு பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார். ஆலயத்தில் அவன் முன்வாசலில் நின்றால் இவர் பக்கவாசல். வேலையிலும் வேறு ஆளோடு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டார். அவனும் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

"நான் அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேனே" என்றார் ஒரு நாள், மனைவி கேட்டபோது.

"ஜெபிக்கிறீங்க, சரி. ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?"

"அதுக்கு நேரம் வரும்."

இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அன்று காலை பாஸ்டரின் ஜோடிக்காரனுக்குக் காய்ச்சல். வேறு ஆளில்லை. சூப்பர்வைசர் பேர்ப்பட்டியலைப் பார்க்காமலே சொன்னார். "இன்னிக்கு நீங்களும் உங்க மச்சானும். வடக்குப் பக்கம். காத்து ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் சொன்னால் கதை சொல்ல வேண்டும். பாஸ்டர் தலையை ஆட்டினார்.

மொட்டைமாடியில் பெல்ட் மாட்டிக்கொண்டார்கள். தோளையும் தொடைகளையும் சுற்றி இறுக்கும் பட்டைகள் அவை. மேடையின் வடத்தோடு சம்பந்தமில்லாமல், ஆளுக்கொரு தனிக் கயிறு மாடியிலிருந்து தொங்கும். பெல்ட்டை அதில் ஒரு பூட்டால் மாட்டியிருப்பார்கள். ஆள் தவறி விழுந்தால் பூட்டு கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஒருவர் பெல்ட்டை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மச்சான் இவருடைய முதுகுப் பட்டையை இழுத்துப் பார்த்தான். "சரியா இருக்கு மாமா" என்றான். இவர் அவனுடையதை இழுத்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

மேடை இறங்கியது. மச்சான் இடது முனை, இவர் வலது முனை. நடுவில் சோப்புத் தண்ணீர் வாளிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் துணி சோப்பைத் தேய்க்கும் சத்தம், ரப்பர் பட்டை நீரை வழிக்கும் கீச்சொலி, அவ்வளவுதான். ஒரு தளம் முடிந்தால் மச்சான் இவர் முகத்தைப் பார்ப்பான், இவர் கையைக் கீழே காட்டுவார், மேடை இறங்கும். சூப்பர்வைசர் சொன்னதைவிடச் சீக்கிரமே காற்று ஏறியது. மேடை கண்ணாடியில் லேசாக மோத ஆரம்பித்தது.

ஒரு சன்னலின் மேல்மூலை மச்சானுக்கு எட்டவில்லை. மேடையைக் கொஞ்சம் ஏற்றச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். அவன் பேசவில்லை. ஒரு காலைத் தூக்கிப் பக்கக் கம்பியின் மேல் வைத்து, எம்பித் துடைத்தான்.

பாஸ்டர் அதைப் பார்த்தார்.

அந்தத் தொழிலில் கம்பி மேல் கால் வைப்பதைப் போன்ற தப்பு வேறில்லை. ஜோடியில் மூத்தவர்தான் தடுக்க வேண்டும். "காலை இறக்கு" என்று இரண்டே வார்த்தை. அது நாக்கின் நுனிவரை வந்தது. இரண்டு வருடம் கழித்து முதல் பேச்சை நான் ஏன் பேச வேண்டும் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அவர் முகத்தைத் திருப்பித் தன் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்தது எப்படி நடந்தது என்று பிறகு எத்தனையோ பேர் அவரிடம் கேட்டார்கள். இடது மோட்டாரில் ஏதோ உடைகிற சத்தம். அந்த முனை மட்டும் தடாலென்று கீழே போனது. ஆள் உயரம் சரிந்த பிறகே அந்த முனையின் பாதுகாப்புப் பிடி இரும்பு வடத்தைக் கவ்வியது. வாளிகள் உருண்டு, கம்பியில் மோதி, காற்றில் பறந்தன. வலது முனைக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டதால் பாஸ்டர் நின்றார். இடது முனையில் ஆள் இல்லை.

மச்சான் மேடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தான். பூட்டு கயிற்றைக் கவ்வியிருந்தது. விழுந்த வேகத்தில் சுவரில் மோதியிருந்தான். வலது கை தோளிலிருந்து கழன்றது போலத் தொங்கியது. தலைக்கவசம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காற்று அவனை மெதுவாகச் சுழற்றியது.

"மாமா" என்றான். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்தக் கணத்தில் பாஸ்டருக்குள் ஒரு குரல் கேட்டது.

தொங்கட்டும்.

அந்த ஒரு சொல்தான். தெளிவாக, ஆற அமர, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட அது சொன்னது. வெளியிலிருந்து எந்தப் பிசாசும் வந்து காதில் ஓதவில்லை. தினமும் காலையில் எந்த இடத்தில் உட்கார்ந்து மச்சானின் பேரைச் சொன்னாரோ, உள்ளே அதே இடத்திலிருந்துதான் அது வந்தது. அது இப்போதுதான் குடிவந்த குரலும் இல்லை. இரண்டு வருடமாக அங்கேயே, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் ஜெபிக்கும்போதெல்லாம் கூடவே இருந்திருக்கிறது.

கீழே இருந்த உயரம் அவருக்கு மறந்துபோனது. அவர் பயந்தது அந்தக் குரலுக்குத்தான்.

மார்பில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "பாஸ்டர்! பாஸ்டர்! ரெண்டு பேரும் இருக்கீங்களா? யாரும் அசையாதீங்க. எடத்த விட்டு அசையவே கூடாது. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு."

அசையக் கூடாதென்பதன் காரணம் அவருக்குத் தெரியும். இடது முனை எதைப் பிடித்து நிற்கிறது, இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னொன்றும் தெரியும். பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவனுக்குத் தொடைப் பட்டைகள் ரத்தத்தை நிறுத்திவிடும். கால் மரத்து, தலை சுற்றி, கண் இருண்டு, அப்படியே போய்விடுவான். பயிற்சியில் அதைச் சொல்லியிருந்தார்கள். ஆட்கள் வந்து சேரும்வரை தாங்குவானா என்பது சந்தேகம்.

அவர் உள்ளே திரும்பினார். வழக்கமாகச் சொல்கிற 'இருக்கேன்' என்ற சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? கடைசியில், "இப்படித்தான் இருக்கேன் ஆண்டவரே. நல்லா பாருங்க" என்றார். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

"சார், அவன் தொங்கறான். கை போயிடுச்சு" என்று வாக்கிடாக்கியில் சொன்னார். "கால் வைக்க ஏதாவது கட்டிக் குடுக்கலன்னா தாங்க மாட்டான். நான் அந்தப் பக்கம் போறேன்."

"வேணாம் பாஸ்டர்! அது கழண்டுச்சுன்னா..."

அவர் பொத்தானை விட்டுவிட்டார்.

மேடை செங்குத்தான சறுக்குப் பலகை போலக் கிடந்தது, சோப்புத் தண்ணீர் வேறு வழிந்திருந்தது. கம்பியை ஒரு கை மாற்றி ஒரு கை பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார். ஒவ்வொரு முறை காலை மாற்றும்போதும் மேலே எங்கோ இரும்பு முனகியது. பாதித் தூரம் போனபோது மேடை ஒரு சாண் இறங்கி நின்றது. அவர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். கண்ணாடிக்குள் ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் மீண்டும் காலை நகர்த்தினார்.

கீழ்முனைக்கு வந்து குனிந்து பார்த்தபோது மச்சானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண்கள் செருக ஆரம்பித்திருந்தன.

"டேய்! என்னைப் பாரு!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவன் கண்ணைத் திறந்தான். "மாமா, கால் இருக்கிற மாதிரியே தெரியல."

"இருக்கு, ரெண்டும் இருக்கு. நான் எண்ணிப் பாத்துட்டேன். தூங்கிடாத. பேசிக்கிட்டே இரு."

வாளி கட்டும் கயிறு கம்பியில் மிச்சம் இருந்தது. அதன் நுனியில் பாதம் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் போட்டார். மறுநுனியைக் கம்பியில் இறுக்கிக் கட்டினார். கைகள் வேலையைச் செய்தன, வாய் பேசிக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"உன்னை இப்படி விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனா உங்க அக்கா என்னை உயிரோட விடுவாளாடா? இங்கேருந்து விழுந்தாகூடப் பொழைச்சுக்கலாம், அவ கையில மாட்டினா அவ்வளவுதான். கேக்குதா? ஏதாவது சொல்லு."

"கேக்குது."

"கயிறு வருது பாரு. எடது கையால பிடி."

கயிற்றைக் காற்று அடித்துக்கொண்டு போனது. முதல் முறை அவன் கைக்கு எட்டவில்லை. இரண்டாவது முறை பிடித்து நழுவவிட்டான். மூன்றாவது முறை பாஸ்டர் வயிறு கம்பியில் அழுந்த, பாதி உடம்பை வெளியே நீட்டித் தொங்கவிட்டார். அவன் பிடித்துக்கொண்டான்.

"இப்ப கால மடக்கி வளையத்துக்குள்ள விடு."

"முடியல."

"முடியும். முட்டிய நெஞ்சுப் பக்கம் கொண்டு வா."

அவன் அழுதான். அழுதுகொண்டே, "மாமா, நாய் எதுவும் வரல" என்றான்.

"தெரியும்டா. கால மடக்கு."

அவன் ஒரு கணம் அவரையே பார்த்தான். "தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். அதை அப்புறம் பேசலாம். கால மடக்குன்னு சொல்றேன்ல!"

அப்படி அவர் அதட்டியதை அவன் அதற்குமுன் கேட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைத் தூக்கினான். பூட்ஸின் முனை வளையத்தில் உரசியது, விலகியது, மறுபடி உரசியது, நுழைந்தது.

"மிதி. எழுந்து நில்லு. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

அவன் எழுந்தான். தொடையை அறுத்துக்கொண்டிருந்த பட்டைகள் தளர்ந்தன. ரத்தம் ஓட ஆரம்பித்ததும் வலி தாங்காமல் அலறினான். அந்த அலறலைக் கேட்டதும் பாஸ்டருக்கு உயிர் வந்தது.

பிறகு காத்திருக்க மட்டும்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதுதான் நீளமாக இருந்தது. மேடை அவ்வப்போது முனகியது. பாஸ்டர் கவிழ்ந்து படுத்தபடியே, எட்டிய வரைக்கும் கையை நீட்டி, மச்சானுடைய பெல்ட்டின் தோள் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி எதையும் தாங்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் விடவில்லை.

"நீ கம்பி மேல கால வச்சத நான் பாத்தேன்" என்றார்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்துட்டுச் சொல்லல."

"ஏன் மாமா?"

"பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

மச்சான், வலியில் முகம் கோணியிருந்த நிலையிலும், ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று சிரித்தான். "நானும் அதுக்குத்தான் மேடைய ஏத்தச் சொல்லிக் கேக்கல. நல்ல ஜோடி போங்க."

மாடியிலிருந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் கயிற்றில் இறங்கி வந்தார்கள். ஒருவர் மச்சானைத் தன்னோடு சேர்த்துக் கட்டினார். மற்றவர் பாஸ்டரிடம் வந்தார். "அவரைப் பிடிச்சிருக்கிற கைய விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அவர் விட்ட பிறகே மச்சானைத் தரைவரைக்கும் கொண்டுபோனார்கள்.

மச்சானுடைய தோளை மீண்டும் பொருத்தினார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

விசாரணை நடந்தது. மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்து உடைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். குற்றம் கருவியின்மேல் விழுந்தது, எல்லாருக்கும் நிம்மதி. சூப்பர்வைசர் பாஸ்டரின் தோளைத் தட்டி, "நீங்க இல்லேன்னா அவன் இல்ல" என்றார்.

"அவன் கம்பி மேல ஏறினதப் பாத்தும் நான் தடுக்கல சார். தடுத்திருந்தா மேடை சரிஞ்சப்ப உள்ளேயே விழுந்திருப்பான். அதையும் எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வாயத் திறக்காத மனுஷன் திறந்தா இப்படியா பாஸ்டர்? இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியாதே."

சில மாதங்கள் அவரை மேலே அனுப்பவில்லை. கிடங்கில் கயிறு சுற்றினார், வாளி கழுவினார். ஆலயத்தில் ஒரு ஞாயிறு போதகர் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய கதையைச் சபை கேட்க ஆசைப்பட்டது. எழுந்து நின்றவர், "ஆண்டவர் அவனைக் காப்பாத்தினாரு. என்னையும் எனக்குக் காட்டினாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதானா என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அடுக்களை முக்காலியில்தான் அவருக்குச் சோதனை. முன்பெல்லாம் அங்கிருந்து எழும்போது மனசு லேசாக இருக்கும். மச்சானின் பேரைச் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது, நல்லவனாக இருக்கிறோம் என்ற ஒரு சுகம். இப்போது உட்கார்ந்தால் 'தொங்கட்டும்' என்ற அந்த ஒற்றைச் சொல் காதில் கேட்டது. பல நாள் ஒரு வார்த்தையும் எழவில்லை. ஆண்டவர் எழுந்து போய்விட்டாரோ என்றுகூடப் பயந்தார். ஆனாலும் உட்காருவதை நிறுத்தவில்லை. வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்கிறவன் போல உட்கார்ந்திருந்துவிட்டு எழுவார். எழுந்து மச்சானுக்குப் போன் போடுவார். "தோள் எப்படி இருக்கு? மாத்திரை போட்டியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் பேச்சு. தினமும் கேட்டார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் சொன்னதை, கம்பி மேல் வைத்த காலை, உள்ளே கேட்ட சொல்லை. தம்பி பொய் சொன்னதற்கு அழுவதா, கணவன் சொன்னதற்கு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், "அவனை இந்த ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்க. நீங்களே கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டார். அவன் சரி என்றான். அதை மகளிடம் சொல்ல அவள் அறைக்குப் போனார். பதிமூன்று வயது இப்போது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாமா வரார்மா."

அவள் நிமிரவில்லை. "எதுக்கு?"

"நாங்க சமாதானமாயிட்டோம்."

"நல்லது."

அந்த 'நல்லது' அவரைக் கதவருகிலேயே நிறுத்தியது. "உனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு நாய் வந்துச்சுன்னு மாமா சொன்னது..."

"போனைப் பாத்துக்கிட்டே வந்தார். தெரியும். நான்தான பின்னாடி உக்காந்திருந்தேன்?"

பாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயே. அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. நீங்க பேசாம இருந்தீங்க. மன்னிச்சாச்சு மன்னிச்சாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்களுக்கும் மாமாவுக்கும் சண்டை. இப்ப சண்டை முடிஞ்சு போச்சு. சந்தோஷம்." புத்தகத்தை மூடினாள். "ஆனா கால் என்னோடதுப்பா."

பாஸ்டருக்குச் சொல்ல வேத வசனங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் எதை எடுத்தாலும் அது அவள் தலையில் வைக்கிற கல்லாகிவிடும் என்று பட்டது. "ஆமாம்மா" என்றார். "உன்னோடதுதான். நான் கேட்டிருக்கணும்."

அன்று மாலையே மச்சானுக்குப் போன் செய்து, "இந்த ஞாயிறு வேண்டாம்" என்றார். உள்ளதை உள்ளபடி சொன்னார். "அவ சொல்றது சரிதான் மாமா" என்று மட்டும் சொன்னான் மச்சான். மனைவிக்குக் கோபம். "சின்னப் பிள்ளை பேச்சக் கேட்டா? நாலு நல்ல வார்த்தை சொல்லி மனச மாத்துங்க" என்றாள். அவர் மாற்றப் போகவில்லை. சாயங்காலங்களில் மகளின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் பேசினால் கேட்டார். பேசாவிட்டால் அதுவும் சரி. முதல் சில நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சாத்தவில்லை. பிறகு அன்றைக்கு ஸ்கூட்டர் எப்படிச் சரிந்தது, கீழே கிடந்தபோது தன் ஷூ எங்கே கிடந்தது, மாமா முதலில் எதை எடுத்தார் என்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மாமா முதலில் எடுத்தது போனை. அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவரும் அழுதார். ஆறுதல் சொல்லவில்லை.

மழைக்காலம் வந்து போனது. அவரை மறுபடியும் மேலே அனுப்பினார்கள். வேலையிலிருந்து திரும்பிய ஒரு சனிக்கிழமை, செருப்பைக் கழற்றும்போதே மகள் சொன்னாள். "வேணும்னா மாமா நாளைக்கு வரட்டும். ஆனா நான் பேச மாட்டேன். பேசுன்னு யாரும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டோம்."

மச்சான் வந்தான். எந்த வீட்டிலும் நேரே அடுக்களைக்குப் போகிறவன், சாப்பாட்டு மேசையில் வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான். மகள் அறையிலிருந்து வருவாளா என்று தெரியாமல் மூன்று பேரும் தட்டுகளைப் பார்த்தபடி இருந்தார்கள். யாரும் கையை வைக்கவில்லை. அறைக் கதவு திறந்தது. அந்தச் சாய்ந்த நடையோடு அவள் வந்தாள். அவள் நடந்து வருவதை மச்சான் தலையைக் குனியாமல் பார்த்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. அவள் அவனுக்கு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வாசலில் வழியனுப்பும்போது மச்சானின் கண் கலங்கியிருந்தது. "எழுந்து போயிடுவான்னு நெனச்சேன் மாமா. உக்காந்து முழுசா சாப்பிட்டா."

"அடுத்த வாரமும் வா" என்றார் பாஸ்டர்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

அவர் வீட்டுக்குள்ளே திரும்பி, கேட்கப் போனார்.